ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் கர்ப்பம்

என் கணவர் தேவனுக்கு 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கர்ப்பம் உறுதியானது. சிரிக்காதீர்கள். மலேசியாவின் லாபு ஊரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கின் பதிவில் அப்படித்தான் இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை பாசிட்டிவ். வாந்திக்கு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து வரவும். அந்த வருடக் கடைசியில் அவருக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அடுத்த வருடம் பல் முளைத்தது. அதற்கு ஒரு வாரம் கழித்துப் பல்செட் குத்தி ஈறு புண்ணாகிவிட்டது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு அந்த மனிதர் செனாவாங் தொழிற்சாலையில் ஒரு நாள் தவறாமல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை அவருக்கு ஒரு கிளினிக் கார்டு கொடுத்திருந்தது. மாதம் இரண்டு தடவை இலவசமாக டாக்டரைப் பார்க்கலாம். வேலை செய்கிறவருக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் ஆட்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் டிரஸர் என்ற மருந்துக்காரர் மருந்து கலக்கினால் வீட்டுக்கு ஒரு பாட்டில் என்றுதான் கொடுப்பார். பால் வெட்டுகிறவனுக்கும், அவன் பெண்டாட்டிக்கும், வீட்டில் படுத்திருக்கும் கிழவிக்கும் அதே பாட்டில். வேலைக்குப் போவது ஒருவர் என்றால் மருந்து குடும்பத்துக்கு. அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு தாமான் குடியிருப்புக்குக் குடி வந்தோம். தொழிற்சாலைக் கார்டு கைக்கு வந்ததும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. புருஷன் கார்டு, குடும்பத்துக் கார்டு.

எங்கள் டாக்டர் ராமகிருஷ்ணனுக்கு எழுபத்தொரு வயது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முருகையாவின் மனைவி, பேர் பஞ்சாலை, வயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாள். டாக்டர் மேசை மேல் இருக்கும் கார்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார்.

“சொல்லு முருகையா, எத்தன மாசம்?”

“ஏழு, டாக்டர்.”

“முருகையா, உப்பக் கொறைச்சுக்க. கால் வீங்கியிருக்கு பாரு.”

அப்படி ஒரு கிளினிக்.

ஆனால் மருந்து விஷயத்தில் விளையாட முடியாது அல்லவா? குழந்தைக்குக் கொடுத்த அளவைப் பெரியவருக்கும், கிழவிக்கு ஆகாத மருந்தைக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டால்? அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கிளினிக்கில் நாங்கள் எழுதும் பதிவுக் கார்டில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் அடையாளம் போடுவேன். வந்தது மனைவி என்றால் நட்சத்திரம். பிள்ளை என்றால் முக்கோணம். அம்மாவோ மாமியாரோ என்றால் வட்டம். கார்டுக்குச் சொந்தக்காரரே வந்தால் எதுவும் போடுவதில்லை. இருபத்தொரு வருடம் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒரு தப்பு நடந்ததில்லை. எங்கள் வீட்டுக் கார்டுக்கும் அதே ஏற்பாடுதான். நான் நட்சத்திரம், மகள் விமலா முக்கோணம், மாமியார் மங்கம்மா வட்டம். விமலாவுக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சு இழுப்பு. மாமியாருக்குத் தலைசுற்றல். எனக்கு மாதாமாதம் வயிற்றுவலி. மாதத்துக்கு இரண்டே தடவை என்பதால் வீட்டில் அடிதடி. யார் இருமலை இந்த மாதம் காட்டுவது, யார் முட்டியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்று சாப்பாட்டு மேசையில் பேசி முடிவு செய்வோம்.

தேவன் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். அவருக்கு எப்போதாவது பிடரியில் வலி வரும். ஒரு துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அந்தத் துண்டுக்கு ‘டாக்டர் துண்டு’ என்று நான் பெயரே வைத்திருந்தேன். “இன்னைக்கு டாக்டர் துண்டு டூட்டிக்கு வந்துட்டாரா?” என்று கேட்பேன். அவரும் சிரிப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மதுமிதா வந்து சேர்ந்தாள். சிரம்பான் பெண். இருபத்தாறு வயது இருக்கும். கிளினிக்குகளின் கார்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது அவளுடைய வேலை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கும் பழைய டாக்டர்கள் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்காமல் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று சபதம் போட்டவள் மாதிரி, வாரம் தவறாமல் வந்தாள்.

“டாக்டர், ஒரு பட்டன அமுக்கினா பேஷண்டோட இருபது வருஷமும் ஒரே பக்கத்துல வந்திரும்.”

“எனக்குக் கண்ணு சரியில்லம்மா. அந்தத் திரையெல்லாம் ஆகாது” என்றார் டாக்டர். மேசைக்கு அடியில் அவருடைய கைப்பேசியில் பூப்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் கரண்டு போய்விடும் என்றார். அதற்கு அடுத்த வாரம் எலி வயரைக் கடித்துவிடும் என்றார். மதுமிதா கரண்டுக்கு ஒரு பேட்டரியும் எலிக்கு ஒரு பொறியும் வாங்கிக்கொண்டு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அவள் போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “புஷ்பவள்ளி, அந்தப் பொண்ணு நம்ம கார்டப் படிச்சா நாம ரெண்டு பேரும் காலி, தெரியும்ல?”

“தெரியும் டாக்டர். நான் பாத்துக்கறேன்.”

என்ன பார்த்தேன்? ஜூலை மாதம் முதல் காகிதத்தில் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று தொழிற்சாலைகளின் பக்கமிருந்து கடிதம் வந்துவிட்டது. டாக்டர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். மதுமிதா தட்டச்சு தெரிந்த இரண்டு பேரைக் கூட்டி வந்து, பின்னறையில் மூன்று வாரம் உட்கார வைத்தாள். டாக்டர் கையெழுத்தைப் படிக்க அவர்கள் பட்ட பாட்டில் யார் பிள்ளை பெற்றது, யார் பல் பிடுங்கியது என்று யோசிக்க அவர்களுக்கு எங்கே நேரம்? வரிக்கு வரி அடித்துத் தள்ளினார்கள்.

ஒருநாள் மதுமிதா ஒரு கார்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, இந்த நட்சத்திரம், முக்கோணம் எல்லாம் என்னா? இதையும் ஏத்தணுமா?”

அங்கேதான் என் வாயில் சனி உட்கார்ந்தான். “அதா? சும்மா லா. ஆள் இல்லாத நேரத்துல பொழுது போகாம வரைவேன்” என்றேன்.

“நல்லா வரையிறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நட்சத்திரம், முக்கோணம், வட்டம் எல்லாம் காகிதத்தோடு பெட்டிக்குள் போய்விட்டன. கம்ப்யூட்டருக்குள் போனது ஆண்களின் பெயர் மட்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அடுத்த மாதமே எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பிடித்துப்போனது. ஏணி போட்டு ஏறிக் கார்டு தேட வேண்டியதில்லை. பெயரில் பாதி அடித்தால் ஆள் வந்து நின்றுவிடுவார். டாக்டர் எழுதியது ‘இரண்டு வேளையா’ ‘மூன்று வேளையா’ என்று உள்ளே ஓடிக் கேட்க வேண்டியதில்லை. வந்தவர்களிடமெல்லாம் அதைத் திருப்பிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தேவனின் பெயரைச் சூப்பர்வைசர் வேலைக்குக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருடம் ஷிப்ட்டில் கிடந்தவருக்கு இனிப் பகல் வேலை மட்டும். எங்கள் வீட்டில் அன்று பாயாசம். தொழிற்சாலை கேட்டது ஒன்றே ஒன்று, கிளினிக்கிலிருந்து அவருடைய மருத்துவச் சுருக்கம். இழுப்பு, வலிப்பு, தலைசுற்றல் இருக்கிற ஆளைக் கனரக வண்டி பக்கமே விட மாட்டார்கள்.

நானே பட்டனை அமுக்கினேன். என் கையால், இதோ இந்த விரலால். ‘தேவன், பதிவுகள் 263’ என்று வந்தது. அடேங்கப்பா, எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். எல்லாக் கார்டும் அப்படித்தான் என்று பழகிய கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை.

புதன்கிழமை மதியம் தேவன் கிளினிக்குக்கு வந்தார். வேலை நேரம். இடுப்பில் எப்போதும் தொங்கும் ஃபோர்க்லிஃப்ட் சாவி இல்லை.

“என்னாங்க, இந்த நேரத்துல?”

“ஃபேக்டரி நர்ஸ் கூப்பிட்டாங்க, வள்ளி. ‘என்சிக் தேவன், கொழந்த நல்லாருக்கா’ன்னு கேட்டாங்க. நல்லாருக்கு, இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்ச எழுதுதுன்னேன். ‘நீங்க பெத்த கொழந்தயா’ன்னாங்க.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“கர்ப்பத்த கம்ப்யூட்டர் கோளாறுன்னு விட்டுருவாங்களாம். ஆனா இழுப்பும் தலைசுத்தலும் இருக்காம்ல எனக்கு? சாவிய வாங்கிட்டாங்க. வெள்ளிக்கெழமக்குள்ள சரியான ரிப்போர்ட் வரணும். இல்லன்னா சூப்பர்வைசர் இல்ல. ஃபோர்க்லிஃப்ட்டும் இல்ல. கூட்டுற வேலதான்.”

“கார்ட வீட்டுல எல்லாரும் பயன்படுத்தினோம்னு சொல்லிட்டீங்களா?”

“சொன்னா ஏமாத்துக்காரன்னு வேலய விட்டே தூக்குவாங்க. சொல்லலன்னா நோயாளின்னு எறக்குவாங்க. நான் என்னா பண்ணட்டும், நீயே சொல்லு.” பிடரியில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருடம் மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சம்பாதித்த பேரை நான் ஒரு விரலால் கெடுத்துவிட்டேன். நேராக டாக்டர் அறைக்குள் போனேன். மதுமிதா அங்கே இருந்தாள். பரவாயில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நட்சத்திரம், முக்கோணம், வட்டம், பொழுது போகாமல் வரைந்தேன் என்று சொன்ன பொய், எல்லாம்.

மதுமிதா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சட்டென்று கோபம் வந்துவிட்டது.

“அக்கா! ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒவ்வொருத்தருக்கும் தனிப் பக்கம் போட்டிருப்பேன்ல? இன்னும் எத்தன கார்டு இப்படி?”

“எல்லாமே இப்படித்தாம்மா” என்றார் டாக்டர், கூரையைப் பார்த்தபடி. பிறகு தொண்டையைச் செருமினார். “கம்ப்யூட்டர் கலந்துருச்சுன்னு ஒரு லெட்டர் கொடுத்துரலாமா?”

“டாக்டர்! என் கம்ப்யூட்டர் மேல பழி போட்டா இனி ஒரு கிளினிக்கும் என்ன உள்ள விடாது.”

 டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“சரி. என் தப்புன்னே எழுதறேன். குடும்பத்து ஆளுங்களையெல்லாம் ஒரே பேர்ல எழுதுனது நான்தான், தேவன் இல்ல. அதுதான நெசம்? எழுபத்தொரு வயசுல என்ன எங்க அனுப்பப் போறாங்க? வீட்டுக்குத்தான.”

அவரை அதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஆனா ஒண்ணு டாக்டர்” என்றாள் மதுமிதா. “அடுத்த மாசம் சிரம்பான்ல உங்க வயசு டாக்டருங்க எல்லாம் கூடுறாங்க. ஏன் கம்ப்யூட்டருக்கு மாறணும்னு நீங்கதான் வந்து பேசணும். நான் சொன்னா எலிக் கத சொல்றாங்க.”

“கர்ப்பக் கதையுமா சொல்லணும்?”

“அதுதான் முதல்ல.”

நாங்கள் வேலையைத் தொடங்கினோம். நல்லவேளை, பழைய கார்டுகளை எரிக்காமல் பெட்டியோடு பஞ்சு மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். தேவனுடையது ஏழு கார்டுகள், நூல் போட்டுக் கட்டியிருந்தது. மதுமிதா மூன்று புதுப் பக்கங்கள் திறந்தாள். புஷ்பவள்ளி, விமலா, மங்கம்மா. நான் கார்டைப் பார்த்துப் படிக்க வேண்டியது, அவள் அந்த வரியை உரியவர் பக்கத்துக்கு நகர்த்த வேண்டியது.

“வயித்துவலி, நட்சத்திரம்.”

“உங்களுக்கு.”

“இழுப்பு, முக்கோணம்.”

“விமலா.”

“பல்செட், வட்டம்.”

“அத்தைக்கு.”

பாதி வழியில் எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. கர்ப்பம் வந்தபோது இரண்டு பேரும் கைதட்டினோம். கதவருகே நின்றிருந்த தேவன்கூடச் சிரித்தார். ஆறாவது கார்டு முடிந்தது. ஏழாவது கார்டில் கடைசிப் பத்து வரிகள். முக்கோணம், வட்டம், வட்டம், நட்சத்திரம். கடைசி வரி போன மாதத்து இருமல். முக்கோணம்.

“நீங்க எழுபத்தொண்ணு, விமலா தொண்ணூத்தெட்டு, அத்த தொண்ணூத்து நாலு” என்று மதுமிதா படித்தாள். “சரி, இனி அண்ணனோடது.”

தேவன் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளையாக இருந்தது. நடுவில் சின்ன எழுத்தில் ‘பதிவுகள் எதுவும் இல்லை’ என்று வந்தது.

“எதையாவது விட்டுட்டோமா அக்கா?”

நான் ஏழு கார்டுகளையும் திரும்பப் புரட்டினேன். முன்பக்கம், பின்பக்கம். அடையாளம் போடாத வரிதான் அவருடையது. அடையாளம் போடாத வரி ஒன்றுகூட இல்லை. இருநூற்று அறுபத்து மூன்று அடையாளங்களையும் போட்டவள் நான். ஒவ்வொன்றையும் என் கையால் போட்டேன். ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தேனா?

“இவரு ஒரு தடவகூட உள்ள வந்து உக்காந்ததில்லையா?” என்று டாக்டர் கேட்டார்.

“எனக்கென்ன டாக்டர், நான் நல்லாத்தான இருக்கேன்” என்றார் தேவன். கை பிடரியில் இருந்தது.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், “வள்ளி, தல ரொம்ப வலிக்குது, காட்டலாமா?” என்று கேட்டார். “இந்த மாசம் ரெண்டும் முடிஞ்சு போச்சுங்க, அடுத்த மாசம் பாக்கலாம்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு டாக்டர் துண்டைக் கொண்டுவந்து நானே கட்டிவிட்டேன். அடுத்த மாதம் விமலாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன ஜென்மம் நான்!

“வெள்ளப் பக்கத்துக்குக் கீழ ‘ஆள் நல்லாருக்காரு’ன்னு எப்படிக் கையெழுத்துப் போடறது? உக்காரு, கைய நீட்டு” என்றார் டாக்டர்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தேவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றும்போது, பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தவர்களைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் காற்றை அடித்தார். இறக்கினார். மறுபடி அடித்தார். மற்றக் கையிலும் பார்த்தார். விளையாட்டுப் பேச்சு நின்றுபோனது.

“நூத்து எண்பத்தி ரெண்டு, நூத்துப் பன்னெண்டு” என்றார். “தேவா, இந்தப் பிடரி வலி எத்தன வருஷமா?”

“அது கெடக்கு டாக்டர். துண்டு கட்டினா போயிரும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சாவி மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. டாக்டர் தம் தப்பு என்று எழுதிய கடிதமும், நாலு பக்கமாகப் பிரிந்த பதிவும், ரத்த அழுத்தம் இறங்கும்வரை இவருக்கு மேசை வேலை கொடுங்கள் என்ற குறிப்பும் வெள்ளிக்கிழமைக்கு முன்பே போய்விட்டன. கிளினிக்குக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டாக்டர் அதைச் சிரம்பானுக்கு எடுத்துப் போய் மேடையில் படித்துக் காட்டினார். அன்று ஏழு டாக்டர்கள் மதுமிதாவிடம் பெயர் கொடுத்தார்கள். தேவன் சூப்பர்வைசர் சட்டை போட்டதையும், விமலா அதைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பியதையும் சொன்னால் இன்னும் நீளும். அந்தப் புதன்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். “இன்னும் ஒரு ஆறு மாசம் இப்படியே வண்டி ஓட்டியிருந்தா, ஃபோர்க்லிஃப்ட்டோட எங்கயாவது விழுந்து கெடந்திருப்ப. பத்து நாள் கழிச்சு கண்டிப்பா வா.”

நான் மதுமிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெள்ளைப் பக்கத்தில் முதல் வரியை அடித்தேன். இரண்டு தடவை தப்பாகி, அழித்து அழித்து அடித்தேன். ஓரத்தில் எந்த அடையாளமும் போட வேண்டியிருக்கவில்லை.

தேவன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே போகப் போனவர் நின்று, டாக்டருக்குக் கேட்காமல் குனிந்து என்னிடம் கேட்டார்.

“பத்து நாள்லன்னா இந்த மாசம்தான வருது. இன்னொரு தடவ மிச்சம் இருக்கா, வள்ளி? அம்மா முட்டியக் காட்டணும்னு சொல்லிச்சே.”